கமெண்ட் வராத சாம்பிள்

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் சித்ரகலா போன் பண்ணுவாள். அதற்குள் ‘கவர்னஸ்’ என்றால் என்ன என்று முகிலன் கண்டுபிடித்தாக வேண்டும்.

கட்டிங் ஹாலில் அடுக்கி வைத்திருந்த துணி ரோல் ஒன்றின் மேல் உட்கார்ந்து, ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் புத்தகத்தை மடியில் விரித்து, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான். மில்ட்ரெட் என்கிற பெண் கேப்டன் ஹார்க்னஸின் வீட்டுக்குக் கவர்னஸாக வருகிறாள். வருகிறாள் என்பது வரைக்கும் புரிந்தது. என்னவாக வருகிறாள் என்பதுதான் பிடிபடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் முடியப் போகிறது. டிபன் பாக்ஸை அவன் இன்னும் திறக்கவே இல்லை.

இத்தனைக்கும் காரணம் அவனுடைய அம்மா பழனாயிதான். பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளை டிகிரி முடிக்கவில்லையே என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், “எம்பையன் காலைல இருந்து பொழுதோட வரைக்கும் இங்கிலீஷ்தானுங்க படிக்கறான்” என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். அது பொய்யும் இல்லை. முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் அவன் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர்கள் அனுப்பும் மெயில்களைப் படிப்பதுதான் வேலை. எப்படிப் படிக்கிறான் என்பதுதான் அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

இங்கிலீஷ் வார்த்தைகளை அவன் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தான். சரக்கைப் போக விடும் வார்த்தைகள், சரக்கை நிறுத்தும் வார்த்தைகள். ‘டிலைட்டட்’ போக விடும். ‘அன்ஃபார்ச்சுனேட்லி’ நிறுத்தும். ‘ஹவெவர்’ என்று வந்துவிட்டால், அதற்கு முன்னால் சொன்ன நல்லதை எல்லாம் மறந்துவிட வேண்டும். இரண்டிலும் சேராத வார்த்தை வந்தால், முன்னும் பின்னும் பார்த்து ஒரு குத்துமதிப்பாக அர்த்தம் பண்ணிக்கொண்டு, அதன்படி ஒரு சாம்பிள் தைத்து கூரியரில் அனுப்பிவிடுவான். தப்பு என்றால் கமெண்ட் வரும். வராவிட்டால் அப்ரூவ்டு. பையரிடம் இந்த வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று கேட்பது மட்டும் கிடையாது. கேட்டால் அடுத்த ஆர்டர் பக்கத்து கம்பெனிக்குப் போய்விடும்.

பையர் வரைக்கும் சரி. சித்ரகலா குன்னத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர்.

நிச்சயதார்த்தம் முடிந்து பேசிய முதல் போனிலேயே அவள் கேட்டாள், அவன் நிறையப் படிப்பான் என்று அத்தை சொன்னார்களே, தான் ஒரு கதை கொடுத்து அனுப்பட்டுமா என்று. வாரம் ஓர் அத்தியாயம் இரண்டு பேரும் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாமாம். அவள் அப்பா ஆத்தப்பன் திருப்பூருக்கு வந்தபோது அதைக் கொண்டு வந்து கொடுத்தார். அட்டை இல்லை, யார் எழுதியது என்று இல்லை, நேராகக் கதைதான். கடையில் கிடைக்காத அபூர்வமான புத்தகம் போலிருக்கிறது, தேடிப் பிடித்து ஜெராக்ஸ் எடுத்திருக்கிறாள் என்று முகிலன் பயந்தான். பிறகு கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. அதில் அவள் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. என்று பார்த்ததும் பயம் இரட்டிப்பானது. சயின்ஸ் படித்துவிட்டே இங்கிலீஷ் பாடம் எடுக்கிறாள் என்றால் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரியாக இருக்க வேண்டும்!

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் நிச்சயதார்த்தத்தன்று, பந்தியில் இலை போடும் சந்தடியில், அவனுடைய புதுச் சட்டையின் கையில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலைச் சித்ரகலா பார்த்துவிட்டாள். யாரும் கவனிக்காதபோது நறுக்கென்று கிள்ளி எடுத்து, ஒன்றும் நடக்காத மாதிரி போய்விட்டாள். நாள் முழுக்க அடுத்தவர் தைத்த துணியில் பிசிறு தேடுகிறவன் அவன். அவனுடைய பிசிறைத் தேடி எடுத்த ஒரே ஆள் அவள்தான். அவளை இழக்க அவன் தயாராக இல்லை.

அகராதி வாங்கிப் பார்த்தான். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் பார்த்தால், அந்த அர்த்தத்துக்குள் தெரியாத வார்த்தைகள் இன்னும் மூன்று இருந்தன. அந்தக் கணக்கில் போனால் முதல் அத்தியாயம் முடியும்போது பேரன் பேத்தி எடுத்துவிடுவான். எனவே பழைய வழிக்கே திரும்பினான். முன்னும் பின்னும் பார்ப்பது.

கவர்னஸ் வந்ததும் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறாள். சமையல்கட்டுக்குப் போகிறாள். வேலைக்காரர்களிடம் பெயர் கேட்கிறாள். குழந்தைகளைக் கூப்பிட்டு வயசு கேட்கிறாள். அவளைப் பார்த்ததுமே குழந்தைகள் இரண்டும் திரைக்குப் பின்னால் ஒளிகின்றன. இதையெல்லாம் செய்கிற பெண்ணை முகிலன் நேரிலேயே பார்த்திருக்கிறான். வருஷத்துக்கொரு தடவை, கம்பெனியில் வயசு நிரம்பாத பிள்ளைகள் யாராவது வேலை செய்கிறார்களா என்று பார்க்க பையர் அனுப்பும் ஆடிட் மேடம். போதாததற்கு வார்த்தையிலேயே கவர்ன்மென்ட் வாடை அடிக்கிறது. வீட்டோடு தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் டீச்சராக இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அர்த்தம் கிடைத்த பிறகு கதை வழுக்கிக்கொண்டு ஓடியது. மேடத்துக்குத் தனி அறை கொடுக்கிறார்கள். கொடுப்பார்கள்தானே. கேப்டன் எழுந்து நின்று வணங்குகிறார். வணங்கத்தானே வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் நின்று போனை எடுத்தான்.

“நீங்க முதல்ல சொல்லுங்க,” என்றாள் சித்ரகலா.

பரீட்சை ஆரம்பித்துவிட்டது. நேரடியாக அர்த்தம் சொல்லி மாட்டிக்கொள்ள அவன் என்ன முட்டாளா? வார்த்தையை ஒரு பேச்சுக்குள் வைத்து, சாம்பிள் அனுப்புவதுபோல் அனுப்பினான். “மில்ட்ரெட் வந்ததுமே அந்தக் குழந்தைங்க ஓடி ஒளியுதுங்க பாருங்க. கவர்னஸ்னா அந்தப் பயம் இருக்கத்தானுங்க செய்யும். எங்க கம்பெனிக்கு வந்தா மொதலாளியே ஓடி ஒளிஞ்சுக்குவாரு.”

“கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க.”

மெதுவாகச் சொன்னான். மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“ஆமாங்க,” என்றாள் கடைசியில். “எனக்கும் அப்படித்தான் பட்டுது.”

கமெண்ட் இல்லை. அப்ரூவ்டு.

இப்படியே வாரங்கள் ஓடின. ஒவ்வொரு ஞாயிறும் “நீங்க முதல்ல சொல்லுங்க” என்பாள், “கொஞ்சம் மெதுவா” என்பாள், ஒருமுறைகூடத் திருத்த மாட்டாள். திருத்தாமல் இருப்பது பெருந்தன்மையா, இல்லை எல்லாத் தப்பையும் சேர்த்துவைத்து ஒரேயடியாகக் கேட்கப் போகிறாளா என்று முகிலனுக்குப் புரியவில்லை. முழு ஷிப்மென்ட்டும் போன பிறகு மொத்தமாக ரிஜெக்ட் செய்கிற பையர்களும் இருக்கத்தான் இருக்கிறார்கள்.

அந்தப் பதற்றத்தில் இருக்கும்போதுதான் ‘விடோயர்’ வந்தது.

கேப்டன் ஹார்க்னஸ் ஒரு விடோயர் என்று எழுதியிருந்தது. முகிலன் வழக்கம்போல முன்னும் பின்னும் பார்த்தான். டெய்லர், செக்கர், கட்டர், ஹெல்ப்பர். இந்த மாதிரி முடிகிற வார்த்தை எல்லாம் வேலையின் பெயர். சரி, என்ன வேலை? அடுத்த வரியில் பதில் இருந்தது. அவர் விடோயர் என்பதால், கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கிற ஊர்த் தாய்மார்கள் எல்லாம் கேக்கும் ஜாமும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வருகிறார்கள். எந்த ஊராக இருந்தாலும் பெண் வைத்திருக்கிறவர்கள் யார் வீட்டைத் தேடிப் போவார்கள்? நல்ல தொழிலில் இருக்கிறவன் வீட்டை. அதோடு ஆள் கேப்டன், கப்பல் வைத்திருந்தவர். கப்பல் என்றால் ஏற்றுமதி. பெரிய எக்ஸ்போர்ட்டர் என்று முகிலன் முடிவு கட்டினான். அவனும் சொந்தமாக ஒரு யூனிட் போட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருப்பவன். மனசு கேப்டனோடு ஒட்டிக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் அவன் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டான்.

“கேப்டனைப் படிக்கப் படிக்க எனக்கும் ஒரு ஆசைங்க. அவரு மாதிரி நானும் ஒரு விடோயர் ஆகோணும். கல்யாணம் மட்டும் முடியட்டுமுங்க, உங்க ராசிக்குச் சீக்கிரமே ஆயிருவேன்னு நம்பிக்கை இருக்குது.”

சித்ரகலாவின் குரல் குழைந்து வந்தது.

“கண்டிப்பா ஆவீங்க. நானும் கூட நின்னு என்னால ஆன உதவியைச் செய்யறேன்.”

அன்றைக்கு முகிலன் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம், அதே துணி ரோலின் மேல் உட்கார்ந்து அடுத்த அத்தியாயத்தைத் திறந்தான். மனைவி இறந்த நாளிலிருந்து கேப்டன் விடோயராகவே வாழ்ந்துவந்தார் என்று ஒரு வரி. பாவம், துக்கத்தை மறக்க ஏற்றுமதியில் இறங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேலே படித்தான். பக்கத்தைத் திருப்பினால், அதே ஊரில் செருப்புத் தைக்கிற ஏழை ஒருவர். போன குளிர்காலத்தில் காய்ச்சலில் மனைவி இறந்ததும் அவரும் விடோயர் ஆகிவிட்டாராம்.

முகிலன் நிமிர்ந்து உட்கார்ந்தான். செருப்புத் தைக்கிறவர் ஒரே குளிர்காலத்தில் எக்ஸ்போர்ட்டர் ஆக முடியாது. கேப்டனுக்கு மனைவி செத்திருக்கிறாள். இவருக்கும் மனைவி செத்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது அது ஒன்றுதான்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் இங்கிலீஷ் வார்த்தையின் அர்த்தத்தை அவன் சரியாகக் கண்டுபிடித்திருந்தான்.

கட்டிங் மாஸ்டர் சகாயராஜ் அந்தப் பக்கம் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், திருப்பூருக்கு வந்து பல வருஷம் ஆகியும் பேச்சு மாறாதவர். முகிலன் புத்தகத்தைக் காட்டாமல் வார்த்தையை மட்டும் கேட்டான்.

“பொண்டாட்டி செத்தவன் தம்பி,” என்றார் அவர் யோசிக்காமல். “எங்க சர்ச்சுல அவங்களுக்குன்னு தனியா ஜெபமே உண்டுல்லா. ஏன், தெரிஞ்சவங்க யாரும் அப்படி ஆயிட்டாங்களா?”

“நாந்தானுங்கண்ணா. ஆகப் போறேன்னு பொண்ணுகிட்டயே சொல்லிப்போட்டேன்.”

சகாயராஜ் கத்தரியைக் கீழே வைத்தார். முழுக் கதையையும் கேட்டார். “அதுக்கு அந்தப் பிள்ளை என்ன சொல்லிச்சு?”

“கூட நின்னு உதவி பண்றேன்னு சொன்னாங்க.”

“கொதிச்சுப் போய்ச் சொல்லியிருக்கு தம்பி. படிச்ச பிள்ளைங்க சத்தம் போடாது. இப்படித்தான் சொல்லும்.”

முகிலனுக்கு அந்தக் குழைந்த குரல் மறுபடி காதில் கேட்டது. அது அழுகையை அடக்கிய குரல் என்று இப்போது புரிந்தது. பத்திரிகை முக்கால்வாசி கொடுத்தாகிவிட்டது, மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்பே பெண்டாட்டியின் சாவுக்காகக் காத்திருக்கிற மாப்பிள்ளையை எந்தப் பெண் கட்டிக்கொள்வாள்?

சகாயராஜ்தான் வழி சொன்னார். சொன்னதற்கு நேர் எதிராக ஒன்றைச் சொல்லிவிட்டால் முதலில் சொன்னது அடிபட்டுப் போகுமாம். நீ போய் நான் இருக்க மாட்டேன், நான்தான் முந்திப் போவேன் என்றால் அதைவிடப் பெரிய பாசம் உண்டா? ஆம்பிளைக்கு விடோயர் என்றால் பொம்பிளைக்கு விடோ, அவ்வளவுதான் வித்தியாசம். போனில் பேச நா எழாது என்பதால் மெசேஜாகப் போடுவது என்று முடிவாயிற்று. முகிலனின் போனில் தமிழ் எழுத்து வராது. அதனால் இரண்டு பேரும் சேர்ந்து, சகாயராஜ் சொல்லச் சொல்ல, இங்கிலீஷில் அடித்தார்கள்.

“ஐ டோன்ட் வான்ட் டு பி விடோயர். ஐ வான்ட் யூ டு பி விடோ. ப்ராமிஸ்.”

அனுப்பிய பிறகுதான் முகிலனுக்கு அம்மாவின் நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய், பூவோடும் பொட்டோடும் போய்ச் சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவள். அவன் குடும்பத்தில், ஊரில், தெரிந்த எந்தப் பெண்ணுக்குமே அதற்கு மேல் வேண்டுதல் கிடையாது. அப்படி இருக்க, கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் நீ தாலியறுப்பாய், இது சத்தியம் என்று எழுதி அனுப்பியிருக்கிறான்.

போனைப் பிடுங்கி, மெசேஜைத் திருப்பி எடுக்க முடியுமா என்று பார்த்தான். அதற்குள் பதில் வந்துவிட்டது.

“தேங்க் யூ. சேம் டு யூ.”

சகாயராஜ் அதை எட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். “அரிவாளை எடுத்து மேசைல வெச்ச மாதிரி இருக்கு தம்பி,” என்றார்.

முகிலன் உடனே கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டான். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

வீட்டுக்குப் போனால் பழனாயி அவன் முகத்தைப் பார்த்தே பிடித்துக்கொண்டாள். “ஏங்கண்ணு, சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கற? பொண்ணு ஊட்டுல ஏதாச்சும் சொன்னாங்களா?” அவன் வாய் தவறி, நானாகத்தான் இங்கிலீஷில் என்னவோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று முனகினான். என்ன சொன்னான் என்று அவள் கேட்கவில்லை. கைகழுவிவிட்டு வருவதற்குள் சம்பந்திக்கே போன் போட்டுவிட்டாள்.

“பையன் இங்கிலீஷ்ல என்னமோ தப்பாப் பேசிப்போட்டானாமுங்க. புள்ளை மனசுல வெச்சுக்க வேண்டாமுன்னு சொல்லுங்க.”

ஆத்தப்பனின் குரல் போனுக்கு வெளியே வரை கேட்டது. “அதானுங்களா சங்கதி? பாப்பா ரெண்டு நாளா ஒழுங்கா சோறு திங்கறதில்லீங்க. என்னன்னு கேட்டாலும் சொல்ல மாட்டீங்குது. நாளைக்கு அவ இஸ்கூல்ல ஆண்டு விழாவாமுங்க, பசங்களை இங்கிலீஷ்ல பேச வெக்கறாங்களாமுங்க. ஞாயித்துக்கெழமை மாப்பிள்ளையை ஒரு நடை வந்துட்டுப் போகச் சொல்லுங்க.”

அதுவரை இரண்டு பேருக்குள் இருந்த விஷயம் இப்போது இரண்டு குடும்பத்துக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை தனியாகப் பெண் வீட்டுக்குப் போகிற வழக்கம் அவர்களிடம் இல்லை. கூப்பிட்டு அனுப்புகிறார்கள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும். இதற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பெருமாநல்லூரில் நிறுத்தி ஒரு பெட்டி ஸ்வீட் வாங்கினான். வாங்கிய பிறகு, மாப்பிள்ளை சந்தோஷமாக வந்திருக்கிறான் என்று தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று பயந்து, பெட்டியை வண்டிப் பைக்குள் ஒளித்தான். பிறகு வெறுங்கையோடு போனால் இன்னும் தப்பாகும் என்று வெளியே எடுத்தான். குன்னத்தூர் போய்ச் சேருவதற்குள் பெட்டி நாலு தடவை உள்ளேயும் வெளியேயும் போய்வந்து ஒரு பக்கம் நசுங்கிவிட்டது.

வழி முழுக்கத் தமிழில் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தான். எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. தெரிகிற மாதிரி நடித்தேனுங்க. சொன்னதெல்லாம் குத்துமதிப்பாகச் சொன்னதுங்க. ஆனால் உங்க பெண் மேல வைத்திருக்கிற பிரியம் குத்துமதிப்பு இல்லீங்க. கடைசி வரி நன்றாக வந்திருப்பதாக அவனுக்கே தோன்றியது. அந்த வரிக்கு வரும்வரை பேச விடுவார்களா என்பதுதான் சந்தேகம்.

ஆத்தப்பன் வாசலுக்கே வந்து அழைத்துக்கொண்டு போனார். பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். வெயிலைப் பற்றிக் கேட்டார், நூல் விலையைப் பற்றிக் கேட்டார், அப்புறம் கேட்க எதுவும் இல்லாமல் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார். ஸ்வீட் பெட்டியின் நசுங்கிய பக்கத்தை முகிலன் விரலால் நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

சமையல்கட்டு வாசலில் சித்ரகலா காப்பியோடு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. அவனுடைய முகத்தை அவள் பார்க்கவே இல்லை. நிச்சயதார்த்தத்தன்று நூலை எடுத்த விரல்கள் டம்ளரைப் பிடித்திருந்தன.

முகிலன் எழுந்து நின்றான். “மாமா, நான் ஒண்ணு சொல்லோணுமுங்க. எனக்கு இந்த இங்கிலீஷ்ல…”

“அப்பா,” என்றாள் சித்ரகலாவும் அதே நேரத்தில், தரையைப் பார்த்துக்கொண்டு. “முதல்ல நான் ஒண்ணு சொல்லிக்கிறேன்.”

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள். ஆத்தப்பன் மகளையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போது பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள், பாலுக்கு உறை குத்தக் கொஞ்சம் மோர் வாங்கிப் போக, கையில் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றவனைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

“இவருதானுங்களா நம்ம மாப்பிள்ளை? டீச்சரம்மா வாராவாரம் அந்தக் கேப்டன் கதையை உங்ககிட்டப் போன்ல கேட்டுத்தான் இங்கிலீஷ் பாடம் நடத்துதுன்னு என்ற பேத்தி சொல்லுவாளுங்க. நேத்து ஆண்டு விழாவுல அவ மைக்கு முன்னால நின்னு, ‘நான் பெரியவளாயி டீச்சரு ஊட்டுக்காரரு மாதிரி ஒரு விடோயர் ஆவேன்’னு இங்கிலீஷ்லயே பேசி, பெரிய டீச்சரு கையால முதல் பரிசு வாங்கீட்டு வந்திருக்கறாளுங்க.”